ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்: ருடால்ஃப் டீசலுக்கே வந்த கம்ப்ரஷன் பிரச்சினை!

பழைய டீசல் அம்பாசடர் ஒன்று. ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. பேட்டரி புதுசு. டேங்கில் டீசல் இருக்கு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது, எஞ்சினும் சுற்றுகிறது. ஆனால் பிடிக்க மாட்டேங்குது. சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுவென வருகிறது. வந்து பார்க்கும் மெக்கானிக், கொஞ்ச நேரத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார். வண்டியில் கம்ப்ரஷன் இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் வார்த்தை இது. ஆனால் இதே பிரச்சினையை உலகத்தில் முதன்முதலில் சந்தித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்த எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த ருடால்ஃப் டீசலேதான். 1893-ல் அவர் செய்த முதல் எஞ்சின், காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் கசிந்தது. அந்தக் கசிவை அடைக்க எடுத்த போராட்டம்தான் டீசல் எஞ்சினின் கதை. அதுவே அவரது வாழ்க்கைக் கதையும்கூட.

முதலில், கம்ப்ரஷன்னா என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். அவ்வளவுதான் விஷயம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும். பிஸ்டன் அதை அழுத்தும். ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். பழைய பெட்ரோல் கார்களில் அந்தக் கலவை ஏழு, எட்டில் ஒரு பங்காகத்தான் சுருங்கும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெறும் காற்றை மட்டும் இழுத்து, பழைய டீசல் கார்களில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்குவார்கள். அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அதில் டீசலைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அதாவது, இங்கே கம்ப்ரஷன்தான் தீக்குச்சி. பிஸ்டன் ரிங் தேய்ந்தோ, வால்வு சரியாக உட்காராமலோ காற்று கசிந்தால், அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். தெளித்த டீசல் எரியாமல் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியே போய்விடும்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் சிறுவன்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18-ல், பாரிஸ் நகரில். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தியோடர், தோல் பொருட்கள் செய்து விற்கும் கைவினைஞர். வசதியான குடும்பம் இல்லை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கும் பிழைப்புக்குத் திண்டாட்டம். 12 வயது ருடால்ஃபை மட்டும் தனியாக ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே உறவினரான பார்னிக்கல், கணித ஆசிரியர். அவர் வீட்டில் தங்கித்தான் ருடால்ஃப் படித்தார்.

ஆக்ஸ்பர்க் தொழிற்பள்ளியில் ஒரு சின்னக் கருவி இருந்ததாகச் சொல்வார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு தண்டு. அதைச் சட்டென்று உள்ளே தள்ளினால், காற்று சூடாகி அடியில் இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும். தென்கிழக்காசிய மக்கள் மூங்கிலிலும் கொம்பிலும் இதே கருவியைச் செய்து நெருப்பு மூட்டப் பயன்படுத்தி வந்தார்கள். தீக்குச்சி இல்லை, பொறி இல்லை, அழுத்தம் மட்டும்தான். டீசலின் மனதில் விதை விழுந்தது அங்கேதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

வகுப்பில் எழுதிவைத்த குறிப்பு

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியராக வாய்த்தவர் கார்ல் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடி. நீராவி எஞ்சின்கள் தின்னும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு வெப்பம்கூட வேலையாக மாறுவதில்லை என்பதை அவர் வகுப்பில் விளக்கினார். மீதியெல்லாம் வீண். இந்த வீணைத் தடுக்க முடியாதா என்று மாணவர் டீசல் தன் நோட்டில் குறித்து வைத்தார். அடுத்த முப்பது வருடங்களுக்கு அந்தக் குறிப்பு அவரை விடவில்லை.

டைஃபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு தள்ளிப்போனது. 1880-ல் எழுதி, அந்தக் கல்லூரி அதுவரை பார்க்காத மதிப்பெண்ணுடன் தேறினார். பிறகு லிண்டேயின் ஐஸ் இயந்திர நிறுவனத்துக்காகப் பாரிஸில் வேலை. பகலில் ஐஸ் மெஷின், மற்ற நேரத்தில் எஞ்சின் ஆராய்ச்சி. அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சினைச் செய்ய வருடக்கணக்கில் முயன்றார். தேறவில்லை. 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். 1890-ல் குடும்பத்தோடு பெர்லினுக்கு மாறினார்.

அம்மோனியாவை விட்டுவிட்டு, காற்றையே மிக அதிகமாக அழுத்தினால் என்ன என்று யோசித்தார். 1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காப்புரிமை கையில் வந்தது. கூடவே தன் கொள்கையை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

பேப்பரில் 250, பட்டறையில் 18

டீசல் கணக்குப் போட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சாதாரண காற்றழுத்தத்தைப் போல 250 மடங்கு! அந்தக் காலத்து இரும்புக்கும் லேத் வேலைக்கும் அது எட்டாத உயரம். அவர் உதவி கேட்டுப் போன ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலை முதலில் முடியாது என்றுதான் சொன்னது. டீசல் அழுத்தத்தைப் பல மடங்கு குறைத்து, திட்டத்தைத் திருத்திக் கொடுத்த பிறகே சோதனைக்கு ஒப்புக்கொண்டது. க்ருப் நிறுவனமும் பணம் போட்டது.

1893 கோடையில் முதல் எஞ்சின் தயார். ஒரே சிலிண்டர். 150 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 400 மில்லிமீட்டர். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் உருவம்.

ஜூலையில் சோதனை தொடங்கியது. எஞ்சின் தானாக ஓடாது என்பதால், தொழிற்சாலையின் பெல்ட்டை மாட்டிச் சுற்றவிட்டார்கள். நம்ம ஊர் மெக்கானிக் செல்ஃப் அடித்துக் கம்ப்ரஷன் பார்ப்பது போலவேதான். அழுத்தத்தை அளக்க இண்டிகேட்டர் என்ற கருவியைப் பொருத்தினார்கள். இன்றைய கம்ப்ரஷன் கேஜுக்கு மூத்த அண்ணன் அது.

முடிவு? வெறும் 18 மடங்கு. இன்றைய கணக்கில் சுமார் 260 பிஎஸ்ஐ. ஒரு பழைய டீசல் கார் இந்த அளவைக் காட்டினால், மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொல்லிவிடுவார்.

காற்று கசிந்துகொண்டிருந்தது. கொள்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் முடியளவு இடைவெளி அதைத் தோற்கடித்துவிடும் என்பதை டீசல் அங்கேதான் கற்றார். கழற்றுவது, சரிசெய்வது, மறுபடி சுற்றுவது என்று நாட்கள் போயின. அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, 30-ஐத் தாண்டியது.

வெடித்துச் சிதறிய கேஜ்

1893 ஆகஸ்ட் 10. முதன்முறையாக எரிபொருளை உள்ளே செலுத்தினார்கள். அன்று பயன்படுத்தியது பெட்ரோல். உள்ளே பற்றிக்கொண்டது. பட்டென்று ஒரு வெடிச்சத்தம். அழுத்தம் 80 மடங்கு அளவுக்கு எகிறி, இண்டிகேட்டர் உடைந்து துண்டு துண்டாகப் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள்.

சாதாரணமாகப் பார்த்தால் இது விபத்து. டீசலுக்கோ இது நிரூபணம். தீப்பொறி இல்லாமல், அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் எஞ்சின் தன் சொந்த பலத்தில் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

எஞ்சினைப் பிரித்து மாதக்கணக்கில் மாற்றி அமைத்தார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று மறுபடி பெல்ட்டை மாட்டிச் சுற்றினார்கள். வழக்கமாக பெல்ட்தான் எஞ்சினை இழுக்கும். அன்று ஒரு கட்டத்தில் பெல்ட் திடீரென எதிர்ப்பக்கம் விறைத்தது. எஞ்சின் பெல்ட்டை இழுக்க ஆரம்பித்துவிட்டது! அதை முதலில் கவனித்த மெக்கானிக், ஒன்றும் பேசாமல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தாராம். அதைப் பார்த்துத்தான் டீசலுக்கே விஷயம் புரிந்தது என்று குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது. எஞ்சின் தானாக ஓடியது சுமார் ஒரு நிமிடம். 88 சுற்று வேகம்.

அந்த ஒரு நிமிடத்தில் இருந்து விற்கக்கூடிய எஞ்சினுக்கு வர இன்னும் மூன்று வருடங்கள் ஆயின. குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை என்று முதலில் நினைத்தது தவறு என்று தெரிந்தது. எரிபொருளை அப்படியே தெளிப்பது சரிவரவில்லை என்பதால், அழுத்திய காற்றின் உதவியோடு ஊதித் தெளிக்கும் முறைக்கு மாறினார்கள்.

1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வச் சோதனை நடத்தினார். சுமார் 20 குதிரைத்திறன். எரிபொருளின் வெப்பத்தில் 26.2% வேலையாக மாறியது. நல்ல நீராவி எஞ்சின்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வரலாற்று எஞ்சின் இன்றும் மியூனிக்கில் உள்ள டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது.

பணம் வந்தது, நிம்மதி வரவில்லை

உலகமே உரிமம் கேட்டு வரிசையில் நின்றது. அமெரிக்க உரிமையை பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 40 வயதைத் தொடும் முன்பே டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் பட்டறையில் ஓடிய எஞ்சின், வாடிக்கையாளர் இடத்தில் அடம் பிடித்தது. விற்பனைக்குப் போன ஆரம்பகால எஞ்சின்களில் ஒன்று 1898-ல் கெம்ப்டன் நகரில் உள்ள ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. தீக்குச்சியே தேவைப்படாத எஞ்சின், தீக்குச்சி செய்யும் இடத்துக்கு! அங்கே அது அடிக்கடி பழுதாகி நின்றது. ஆக்ஸ்பர்க்கில் டீசல் பெயரில் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலையும் தோல்வியில் முடிந்தது. ஒரு எஞ்சினை நிபுணர்கள் சுற்றி நின்று ஓடவைப்பது வேறு, நூறு எஞ்சின்களைச் சாதாரண ஆட்கள் தினமும் ஓட்டுவது வேறு.

இன்னொரு பக்கம் காப்புரிமை வழக்குகள். ஓடும் எஞ்சின் அவருடைய 1893 புத்தகக் கொள்கைப்படி இயங்கவே இல்லை என்று விமர்சகர்கள் தாக்கினார்கள். அதில் உண்மையும் இருந்தது. பட்டறையில் அவர் நிறைய விட்டுக்கொடுத்திருந்தார். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் டீசலுக்கு முன்பே, எண்ணெயில் ஓடும் எஞ்சின் செய்திருந்தார் என்பதும் சரிதான். ஆனால் அதில் கம்ப்ரஷன் குறைவு. ஸ்டார்ட் செய்ய வெளியில் இருந்து விளக்கு வைத்துச் சூடாக்க வேண்டியிருந்தது. அழுத்தத்தால் மட்டுமே பற்றவைக்கும் உயரத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோனதுதான் டீசலின் பங்கு.

வேலைச்சுமையிலும் மன அழுத்தத்திலும் உடல் கெட்டது. 1898-ல் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். கடும் தலைவலி அவரை விடாமல் துரத்தியது. நில வணிகத்தில் போட்ட பணம் கரைந்தது. அதே நேரத்தில் அவர் எஞ்சின் மட்டும் முன்னேறிக்கொண்டே இருந்தது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா, டீசல் எஞ்சினில் பெருங்கடல் தாண்டியது. எஞ்சின் ஜெயித்துக்கொண்டிருந்தது, உரிமையாளரின் கணக்கில் பணம் இல்லை.

கப்பலில் கடைசி இரவு

1913 செப்டம்பர் 29. லண்டனில் ஒரு கூட்டத்துக்காக, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் வந்தவர்களோடு இரவு உணவு. மேல்தளத்தில் சிறிது நடை. காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. அவரது தொப்பியும் கோட்டும் தளத்தில் கிடந்தன.

பத்து நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைக் கண்டது. படகில் இருந்தவர்கள் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். மகன் ஆய்கன் அந்தப் பொருட்களை அப்பாவுடையவை என்று அடையாளம் காட்டினார்.

எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள் என்று இன்றுவரை வதந்திகள் உலவுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. கடன் கழுத்தை நெரித்ததும், நாட்குறிப்பில் அந்தத் தேதியில் சிலுவைக்குறி போட்டிருந்ததும் தெரியவந்ததால், தற்கொலையாக இருக்கலாம் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அவருக்கு வயது 55.

காருக்குள் எப்போது வந்தது?

தன் எஞ்சின் காரில் ஓடுவதை டீசல் பார்க்கவில்லை. எரிபொருளை ஊதித் தெளிக்க ஒரு பெரிய காற்று கம்ப்ரஸர் தேவைப்பட்டது. அதைக் காருக்குள் அடக்க முடியாது. 1920-களின் கடைசியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் ஃப்யூயல் பம்ப் சந்தைக்கு வந்த பிறகே வழி பிறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி கார் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமானது.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம்

1893-ல் ஆக்ஸ்பர்க் பட்டறையில் கேட்ட கேள்வியும், இன்று பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: காற்று எந்த வழியாக ஓடுகிறது?

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்க மாட்டார். முதலில் பேட்டரி. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், நல்ல எஞ்சின்கூட கம்ப்ரஷன் குறைவாகத்தான் காட்டும். அடுத்து ஹீட்டர் பிளக் சூடாகிறதா, டீசல் வருகிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு டேப்பட். இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுசாக மூடாது. இதைச் சரிசெய்யச் செலவும் குறைவு.

இதற்குப் பிறகுதான் கேஜ். ஒவ்வொரு சிலிண்டராக அளவு எடுப்பார். பழைய டீசல் கார்களில் 400 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நிம்மதி. 300-க்குக் கீழே போனால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆவது சிரமம். பெட்ரோல் வண்டி என்றால் 120 முதல் 160 வரை வரலாம். உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், சந்தேகம் ஹெட் கேஸ்கட் மேல்.

பெட்ரோல் எஞ்சினில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. டீசலில் இதைக் கண்டபடி செய்யக்கூடாது. மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது. ஆயில் அதிகமானால் பிஸ்டன் முட்டி உள்ளே சேதமாகலாம், அல்லது அந்த ஆயிலே பற்றிக்கொள்ளலாம்.

அதைவிடப் பாதுகாப்பான வழி, சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பது. ஆயில் ஊற்றும் மூடி வழியாக உஸ்ஸென்று வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ரிங் தேயாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஊறவைத்து, இன்ஜெக்டர்களைக் கழற்றிய நிலையில் கையால் மெதுவாகச் சுற்றினால், சில எஞ்சின்கள் உயிர் பிழைத்துவிடும். எனவே, கம்ப்ரஷன் இல்லை என்று கேட்டவுடன் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ள வேண்டாம். எந்தச் சிலிண்டர், எந்த வழியாகக் கசிகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆக்ஸ்பர்க்கில் 18-ஐப் பார்த்த அன்று டீசலும் எஞ்சினைத் தூக்கிப் போடவில்லை. கழற்றி, கசிவைத்தான் தேடினார்.